மழையில்லாத கலங்கல்

பிப்ரவரியில் பதினோரு நாள்
கேத்தி பாலாடாவில் ஒரு துளி மழை இல்லை.
ஓடையோ தினமும் விடியுமுன் இரண்டரைக்குச் சிவந்து
ஆறு மணிக்குள் தெளிந்தது.

சிறுபாலத்துக்கு அடியில் நான் கட்டித் தொங்கவிட்ட கருவி
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
தண்ணீருக்குள் ஒளியைச் செலுத்தி
எவ்வளவு திரும்பி வருகிறதென்று எழுதிக்கொள்ளும்.
அதற்கு அபிப்பிராயம் இல்லை, பேட்டரி மட்டும்.

"கருவி பழுது" என்றார் பேராசிரியர் தொலைபேசியில்.
"வில்லையில் பாசி பிடித்திருக்கும், துடை."
துடைத்தேன்.
மறுநாளும் இரண்டரை.
பாசிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது.

ஆகவே போனேன்.
இரண்டு கம்பளிக்குமேல் ஒரு ரெயின்கோட்,
பையில் இருபத்துநான்கு புட்டி,
டார்ச் பிடிக்க நஞ்சுண்டன்.
காலடியில் உறைபனி உப்பாய் நொறுங்கியது.

வளைவு திரும்பியதும் திருவிழா வெளிச்சம்.
தகரக் கொட்டகை. சுழலும் இரும்புப் பீப்பாய்.
மூட்டை மூட்டையாய்ப் பழுப்பு உள்ளே போய்
ஆரஞ்சாய் வந்து விழுகிறது.
மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூன்று லாரி உறுமி நிற்க,
பீப்பாயின் அடியில், யாரும் பார்க்காத பக்கம்,
மலை
கெட்டிக் காப்பியாய்
ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

தரம் பிரித்துக்கொண்டிருந்த யோகமலரிடம் கேட்டேன்,
"இந்தச் சேறெல்லாம் எங்கே போகுது?"
"கீழே."
"கீழேன்னா?"
உடைந்த கேரட்டை மாட்டுக்கான கூடையில் எறிந்துவிட்டுச் சொன்னாள்,
"கீழேன்னா கீழேதான். மேலேயா போகும்?"

என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் நாற்பது பக்கம்.
அதுவும் இதைத்தான் சொல்கிறது.

வடிதாள், அடுப்பு, தராசு.
நான்கு தசமம் வரை எடை பார்த்த மண்ணை
மழையோடு வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.
சரிவோடு, உழவோடு, தேயிலைக் கவாத்தோடு. ம்ஹூம்.
குன்னூர்ப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்
விரித்த நாளிதழின் ஓரத்தில் மண்டி விலை.
பழைய இதழ்களைப் பொறுக்கிக் கோர்த்தேன்.
கிலோ எழுபதுக்கு விற்ற வாரம் ஓடை செங்குழம்பு.
பன்னிரண்டுக்கு விழுந்த வாரம்
கூழாங்கற்களை எண்ணலாம்.
அந்த வாரம் யோகமலருக்கு வேலை இல்லை.
அதற்கு என் அட்டவணையில் பத்தி கிடையாது.

ஓடை போய்ச் சேருமிடம் காட்டேரி அணை.
பெயர் வைத்தவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.
ரப்பர் படகிலிருந்து குழாய் இறக்கி
அதன் வயிற்றிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உருவினோம்.
நெடுக வெட்டித் திறந்தால்,
அடியில் கறுப்பு: யாரும் உழாத புல்வெளியின் சதுப்பு.
அதன்மேல் தைலமர மகரந்தம்.
பிறகு, கடலுக்கப்பால் எவரோ வெடித்துப் பார்த்த குண்டின் சீசியம்,
நீலகிரி மழையில் இறங்கி
விரல் தடிமனில் தேதி குறித்திருக்கிறது.
தேதிக்குக் கீழே நெடுங்காலம், ஒரு சாண்.
தேதிக்கு மேலே அறுபது வருடம்,
என் இடுப்பளவு.
சிவப்பு, சிவப்பு, சிவப்பு,
இடையில் உரச்சாக்கின் நீல இழை ஒன்று.

கடைமடையில் ஒருவர் முன்பு என்னிடம் கேட்டார்,
"தண்ணியாவது எப்பவாவது வருது. வண்டல் ஏம்மா வரதில்ல?"
அவருக்குச் சேரவேண்டியது
என் மேசையில்
ஈரத்துணி போர்த்திக் கிடக்கிறது.

கட்டுரையைப் படித்த, முகம் தெரியாத மதிப்பீட்டாளர்
"கேரட் விலை ஒரு நிலவியல் காரணியா?" என்று கேட்டிருக்கிறார்.
பதில் எழுத உட்கார்ந்து நாலு நாள் ஆகிறது.

அன்று விடிகாலை கிளம்பும்போது யோகமலர்
பீப்பாய்க்குள் போகாத ஒன்றை எடுத்து நீட்டினாள்.
ஸ்வெட்டரில் துடைத்துக் கடித்தேன்.
இனிப்பு. பிறகு நறநற.
நாக்கால் ஒதுக்கிப் பார்த்தேன்,
இரண்டு மணல், கொஞ்சம் களி.
துப்பினால் ஓடைக்குத்தான் போகும்.
விழுங்கினேன்.