பட்டா நகலின் பின்பக்கம்

ஆடி ஒன்பது. காற்று.
தாளின் நாலு மூலைக்கும் நாலு கல்,
ஐந்தாவது கல் தண்ணீர் டப்பாவுக்குள்.
அப்படியும் தூரிகை மலையைத் தொடுமுன்
செம்மண் வந்து வானத்தில் ஒட்டிக்கொண்டது.
துடைக்கவில்லை.
பணகுடியில் ஆடி மாத வானத்தில்
மண் இருக்கத்தான் செய்யும்.

காலை ஏழு முதல் ஏழே முக்கால் வரை எனக்கு.
ஒன்பதுக்குக் கடை ஷட்டரைத் தூக்க வேண்டும்.
ஜெராக்ஸ் பக்கம் இரண்டு ரூபாய்.
கோணலாக விழுந்த நகல், மை தீற்றிய நகல்,
யாரோ வேண்டாமென்று விட்டுப்போன நகல்,
பெயரை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு
முதுகை எடுத்துக்கொள்வேன்.
மெல்லிய தாள். ஈரம் பட்டால் நெளியும்.
முதல் மாதம் முழுக்க அதோடு சண்டை.
பிறகொருநாள் பார்த்தால்
தாள் தானாக எழுப்பிய மடிப்பு
மகேந்திரகிரிக்கு நான் போட்ட மடிப்பைவிடச்
சரியாக இருந்தது.

வியாகப்பன் ஆடுகளோடு வருவான்.
"எதுக்குக்கா தெனமும் ஒரே மலைய?"
"நேத்து மேய்ச்ச ஆட்ட
இன்னைக்கி எதுக்கு மேய்க்க?"
"அதுக்குப் பசிக்கும்லா."
எனக்குப் பதில் வரவில்லை.
நீலத்தைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.
வைகாசி இருபதாம் தேதியை
அவனுடைய கிடாதான் தின்றது,
மலை, வானம், தேதி எல்லாம் சேர்த்து.

பங்குனியில் தூரிகைக்கும் தாளுக்கும் நடுவிலேயே
வண்ணம் காய்ந்துபோகும்.
மலை அப்போது
ஐந்து வருடம் வெளுத்த பள்ளிச் சட்டை.
சாரல் நாளில் மலையே கிடையாது;
குடைக்காம்பைத் தோளில் இடுக்கிக்கொண்டு
அது இருந்த இடத்தை வரைவேன்.
துளி விழுந்த இடமெல்லாம் சாம்பல் விலகி
வெள்ளை வெள்ளையாகத் திறந்துகொள்ளும்.
எனக்கு அப்படிப் போட வராது.

ஐப்பசியில் ஓடைத் தண்ணீர் ரோட்டுக்கு வந்தது.
பாதி இறக்கிய ஷட்டருக்குள் உட்கார்ந்து
நினைவிலிருந்து போட்டேன்.
இடது தோள் தவறு.
முந்நூறு தடவை பார்த்த தோள்.
கீழே எழுதி வைத்தேன்: பாராமல் வரைந்தது.

கார்த்திகையில் ஆறு நாள் காய்ச்சல்.
ஆறு வெற்றுத்தாளிலும் தேதி போட்டு
அடுக்கில் சேர்த்திருக்கிறேன்.
அதில் ஒன்று நன்றாகவே இருக்கிறது.

காற்றாடிகளை முதலில் விட்டுவிட்டேன்.
மலை, பனை, வானம்
என்று சுத்தமாக வந்தது படம்,
வங்கி கொடுக்கும் காலண்டர் மாதிரி.
பிறகு ஒரு புரட்டாசியில்
மூன்றாவது காற்றாடியை மட்டும் போட்டேன்.
நிற்கையில் மூன்று இறக்கை.
சுற்றுகையில் எத்தனை என்று
இன்றுவரை தெரியவில்லை.
காய்ந்த தூரிகையால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான்.

அந்தப் படத்தைத்தான்
ஞானசெல்வம் கையில் வைத்திருந்தாள், போன வாரம்.
பழைய பட்டா ஓட்டு ஒழுக்கில் கரைந்துவிட்டதாம்,
முன்பு இங்கே நகல் எடுத்தபோது
ஒன்று கெட்டுப்போனது ஞாபகமாம்.
கடை சாத்தின பிறகு இருவரும் உட்கார்ந்து
மலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டோம்:
யாருடைய மதிப்பெண்ணோ, சாதிச் சான்றிதழோ,
வாடகை ஒப்பந்தமோ, மறுபடி மலை.
புரட்டாசி மூன்றின் முதுகில்
சர்வே எண் இருந்தது. விரலை வைத்தாள்.
அடித்த பெயரின் மேல் வைக்கவில்லை.

"இது கோர்ட்டுக்கு ஆகாது."
"தெரியும்."
திருப்பினாள். நெடுநேரம் பார்த்தாள்.
"இந்தக் காத்தாடி நிக்கதுதான் அந்த எடம்."

எனக்குத் தெரியாது.
வெளிச்சம் அதில் முதலில் விழும் என்றுதான் போட்டேன்.

"ரெண்டு பக்கமும் எடும்மா."
எடுத்தேன். கறுப்பு வெள்ளையில்
மலை கொஞ்சம் கிட்டே வந்திருந்தது.
வானத்து மண் கரும்புள்ளியாக விழுந்திருந்தது.
நாலு ரூபாயை எண்ணி மேசையில் வைத்துப் போனாள்.

இன்று ஆடி பத்து.
காற்று இன்னும் ஏறியிருக்கிறது.
நாலு கல் போதாது.