நகக்கீறல்

சாத்தாங்காடு சாலை, இரவு ஒன்றே முக்கால்.
மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம்.
பக்கெட்டின் மூன்றாவது பல்லில்
மஞ்சள் நாடா ஒன்று
குடல் போலத் தொங்கியது.
கீழே எரிவாயுக் குழாய் என்று அதில் அச்சடித்திருந்தது.
யாராவது தப்புப் பண்ணினால் மட்டுமே
படிக்கக் கிடைக்கிற எழுத்து.

எஞ்சினை அணைத்தேன்.
பிர்ஜு குழிக்குள் இறங்கிக்
கையாலேயே மண்ணைத் தள்ளினான்.
குழாயின் பூச்சில் ஒரு கீறல்,
என் சுண்டுவிரல் நகம் அளவு.
சத்தமில்லை. சீறவில்லை.
வாசனை?
மணலிக்காரன் மூக்கை நம்பக் கூடாது சார்.
பிறந்ததிலிருந்து ஏதோ ஒன்று
நாறிக்கொண்டுதான் இருக்கிறது,
அழுகிய முட்டை எங்களுக்குப் பழைய சொந்தம்.

பிர்ஜு காதில் செருகியிருந்த பீடியைத் தொட்டான்.
தட்டிவிட்டேன்.
வா, நட, ஓடாதே, போனை எடுக்காதே.
மின்கம்பத்தில் கட்சிக் கொடி
கடல் பக்கமாகப் பறந்தது.
காற்று மேற்கே இருந்து வருகிறது,
அப்படியானால் நாமும் மேற்கே.
அந்தக் கொடியால் எனக்கு நடந்த
ஒரே நல்ல காரியம் அது.

இருநூறு அடி தள்ளி காண்ட்ராக்டருக்குப் பேசினேன்.
தணிகாசலம் தூக்கத்தில் சிரித்தார்.
"கீறல்தானே? மண்ணப் போட்டு மூடு.
காலைல தாரு போட்டா எவனுக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும்.
போன வருஷம் ஒரு பயிற்சி,
எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்தார்கள்,
பாதி நேரம் தூங்கினேன்.
தூங்காத பாதியில் ஒரே வரி ஒட்டியிருந்தது:
உடைத்தவன் ஓடிவந்து சொல்வான்,
உரசியவன் மூடிவிட்டுப் போவான்.

காற்று வரும் பக்கமே இன்னொரு மஞ்சள் கல்,
அதில் அவசர எண்.
கடைசி மூன்று எண்களின் மேல்
மூலம் பௌத்திரம் நோட்டீஸ்.
நல்ல பசை.
நகத்தால் சுரண்டினேன்,
நான்கு... ஒன்று... அது ஏழா, ஒன்றா?
என் நகம் பிய்ந்த பிறகு ஏழு.

நாலு மணிக்கு ஷம்ஷாத் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
குழிக்குப் பத்தடியில் அவளுடைய இடம்.
"இன்னிக்கு அடுப்பு வேணாம்மா."
"ஆப்ப மாவு புளிச்சிப் பூடும், நீ துட்டு குடுப்பியா?"
பதில் இல்லை என்னிடம்.
வண்டியின் முன்னால் நின்றேன்,
அவ்வளவுதான் தெரிந்தது.
திட்டினாள். என் அப்பாவரைக்கும் போனாள்.
ஆனால் பற்றவைக்கவில்லை.

ஆட்கள் அதற்குள் வந்திருந்தார்கள்.
நீண்ட மூக்குள்ள ஒரு கருவி
குழியைச் சுற்றி மோந்து பார்த்தது.
கசிவு இல்லை என்றார்கள்.
கீறலின் ஆழத்தை அளந்து,
சுத்தம் செய்து,
அடிபட்ட கைக்குப் போல அதற்குக் கட்டுப் போட்டார்கள்.
பெரியவர் ஒருவர் என் பெயரைக் கேட்டு எழுதினார்,
எதற்கென்று சொல்லவில்லை.
தணிகாசலம் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்,
எதற்கென்று சொன்னார்.

பதினோரு மாதம் ஆகிறது.
மூடியிருந்தால் அதுவும் எங்களைப் போல
உப்புத் தண்ணீரைக் குடித்து
உள்ளுக்குள்ளேயே வளர்ந்திருக்கும்.

ஷம்ஷாத் இப்போது கடையை
சாலைக்கு அந்தப்புறம் போடுகிறாள்.
நான்தான் சொன்னேனா,
அங்கே வியாபாரம் நன்றாக ஓடுகிறதா, கேட்கவில்லை.
ஆப்பத்துக்கு என்னிடம் காசு வாங்குகிறாள்,
முழுக்காசு.
நேற்று அந்தக் கல்லில்
புது நோட்டீஸ் ஒன்று, முடி கொட்டுவதற்கு.
வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன்.
நகம் வளர்ந்துதான் இருக்கிறது.