காய விடுதல்

ஆபீஸ் வராந்தாவில் பூனை தட்டிவிட்ட தொட்டியிலிருந்து
விரல்நீளக் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.
திருட்டில்லை. ஸ்டீபன்சன் சார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.
சிவந்த தண்டு,
பாசிப்பயறு பருமனில் தடித்த இலைகள்,
நடுவில் பச்சை, ஓரமெல்லாம் பால்.
இங்கிலீஷில் என்னமோ பேர் சொன்னார்.
கீரிப்பாறை வளைவு திரும்புமுன் மறந்துவிட்டது.
ஒன்று மட்டும் நின்றது:
"உடனே நடாதே. ஒடிந்த இடம் காயட்டும். நாலு நாள்."

சிரிப்பு வந்தது.
பதினேழு வருஷமாய் என் வேலை
காயாமல் பார்த்துக்கொள்வது.
விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டி
நேற்றைய ஒட்டுப்பாலை உரித்து
அதே காயத்துக்குக் கீழே மயிரிழை சீவி
மரத்தை மறுபடி திறப்பேன்.
ஆழம் போனால் மரம் கெடும்,
மேலோடு நின்றால் பால் வராது.
கைக்குத் தெரியும் அது. சொல்லத் தெரியாது.

நாலு நாள் ஜன்னல் படியில் கிடந்தது கம்பு
வேரில்லாமல், அவசரமில்லாமல்.
பிறகு சிரட்டையில் கண் குத்தி
ஆற்றுமணலும் கரித்தூளும் நிரப்பி ஊன்றினேன்.

இடவப்பாதி வந்தது.
இந்த மலையடியில் அப்போது துணி காயாது,
தீக்குச்சி உரசாது, செருப்பில் காளான் பூக்கும்.
தண்ணீரைத் தன் இலைக்குள்ளேயே கட்டிவைத்துக்கொண்டு
எந்த வெயில் ஊரிலிருந்து வந்ததோ,
இரண்டு இலை கண்ணாடியாகிக் கழன்று விழுந்தது.

மரத்துக்குக் கட்டுகிற மழைப்பிளாஸ்டிக்கில்
ஒரு முழம் மிச்சம் இருந்தது.
தார் தடவி, சுருக்கு வைத்து
சிரட்டைக்கும் ஒரு பாவாடை.
பக்கத்து லைன் ரெத்தினபாய் எட்டிப் பார்த்தாள்:
"ஏட்டி, உனக்கு வட்டா?"
இரண்டு மாதம் ஒரு சொட்டு ஊற்றவில்லை.
ஊற்றாமலிருக்கவும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

ஓணம் கழிந்து வெயில் தெளிந்தபோது
கம்பு கவர் விட்டிருந்தது.
ஒரு கிளை முழுக்கப் பச்சை,
கேட்பாரில்லாமல் தடித்து ஏறிக்கொண்டு.
ஒன்று முழுக்க வெள்ளை,
நுனியில் குழந்தை நகம்போல் ரோஸ்.
பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

"பச்சையை நறுக்கிவிடு" என்றார் ஸ்டீபன்சன் சார்.
"விட்டால் எல்லாம் பச்சையாகிப் போகும்.
வெள்ளைக்குச் சமைக்கத் தெரியாது.
மற்றது போடுகிற சோற்றில் நிற்கிறது."
இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்,
ஒன்றுக்கொன்று இடிப்பதைக் கவனிக்காமல்.

பிளேடு எடுத்தேன். கை நின்றது.
மூவாயிரம் மரத்தில் நிற்காத கை.
என் சம்பளச் சீட்டு ஏனோ ஞாபகம் வந்தது.

நறுக்கினேன். ஏன் மறைக்க வேண்டும்?
அந்த ஓரவெள்ளை இலைகள் எனக்கு வேண்டியிருந்தன.
காயத்தில் பால் வரவில்லை.
ஒரு சொட்டு நீர், அதுவும் உடனே அடங்கியது.

பச்சைக் கம்பு இப்போது ஜன்னல் படியில்.
இன்று மூன்றாம் நாள்.
குழாயடிச் சுவரோரம் அதற்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன்,
பாவாடையெல்லாம் வேண்டியிராது.
மழை இல்லை. வெட்டு உண்டு.
காயட்டும்,
போய் வருகிறேன்.