வரம்புக்கு மேல் ஒரு சமையலறை

நாற்பத்தோராயிரம் வீடுகள்.
வீட்டுக்கு இருபது, இருபத்தைந்து படங்கள்.
எல்லாம் பழைய ஜேபெக்,
ஒவ்வொன்றும் கல்யாணப் பெட்டி கனம்.

பாரமட்டா அலுவலகத்தில் ஹாமிஷ் சொன்னான்:
"மூன்று நொடி. அதற்குமேல் ஒருத்தரும் நிற்பதில்லை.
விரலால் தள்ளிவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்."
எல்லாவற்றையும் ஏவிஃபாக மாற்றச் சொன்னான்.
ஏவிஃப் புரியாத போன்களுக்கு வெப்-பி.
அதுவும் புரியாதவற்றுக்கு
கிடக்கட்டும் ஜேபெக், கடைசி வரிசையில்.

மாற்ற மாற்றத் தெரிந்தது:
ஆளில்லாத அறைதான் மிக இலேசு.
வெள்ளைச் சுவர் என்று ஒருமுறை சொன்னால் போதும்,
மீதிச் சுவரை அதுவே ஊகித்துக்கொள்கிறது.
கண் வெளிச்சத்துக்குத்தான் கணக்கு வைக்கும்,
நிறத்தில் பாதியைத் திருடினாலும் கேட்காது.
வாடகைக்கு எடுத்த சோபா,
யாரும் பிழியப்போகாத எலுமிச்சைகள் ஒரு கிண்ணம்:
நாற்பது கேபி.

தரத்தை ஐம்பதில் வைத்தால்
புல்வெளி மெழுகாகிறது.
ஐம்பத்தெட்டில் மறுபடி புல்.
மூன்று நாள் அந்த எட்டு எண்களுக்குள்
குடியிருந்தேன்.

வியாழன் பிற்பகல்
வரிசையில் சிவப்பாக நின்றது ஒரு படம்.
வரம்புக்கு மேல். இருநூற்றுப் பதினேழு கேபி.
திறந்தேன்.
என் சமையலறை.

டேரன் கடிதம் அனுப்பித்தான் இருந்தான்:
உரிமையாளர் விற்கிறார், படமெடுக்க வருகிறோம்,
பொருட்களை ஒதுக்கி வையுங்கள்.
நிமலனுக்கு இரவு வேலை, எனக்குப் பகல்.
யார் ஒதுக்குவது?
அப்படியே நின்றது எல்லாம்:
லேபிள் உரிந்த தூள் போத்தல்கள்,
ஃபிரிட்ஜ் கதவு தெரியாமல் பள்ளிக்கூட நோட்டீஸ்கள்,
கழுவிக் கவிழ்த்த இடியப்பத் தட்டுகள் பதினாலு,
அதன் பின்னால் நிமலனின் சுளுக்குத் தைலம்.
திணறியிருக்கிறது மென்பொருள்.
எதை வைத்தும் எதையும்
ஊகிக்க முடியவில்லை அதற்கு.

சற்றே பெருமையாக இருந்தது எனக்கு.

தரத்தை இறக்கிப் பார்த்தேன்.
முதலில் போனது இடியப்பத் தட்டின் துளைகள்.
நிறுத்திவிட்டேன்.

வேகமாகத் திறக்கும் வீடு வேகமாக விற்கும்.
அந்த வரைபடத்தை வரைந்தவளே நான்தான்,
ஸ்லைடில் ஒட்டிக் கைதட்டும் வாங்கியவள்.

விதிவிலக்குப் பட்டியலில்
ஒரேயொரு எண் போதும்.
இந்த வீடு மட்டும் ஒன்பது எம்பி ஜேபெக்காக
மேலிருந்து கீழே, நாடா நாடாவாக இறங்கும்.
முதலில் வானம், பிறகு கூரை.
வெஸ்ட்மீட் தாண்டுகிற ரயிலில் யாரோ
கூரையோடு சலித்துப்போவார்.

எழுதினேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்
'சோதனைக்காக' என்று போட்டேன்.
முழுப் பொய்யில்லை அது.

சனிக்கிழமை பத்தரை. டூங்காபி.
வீடு பார்க்க ஆட்கள் வரும் அரைமணி நேரம்
எதிர்ப்பக்கம் காருக்குள் உட்கார்ந்து
ஆறிப்போன ரொட்டி தின்றோம்.
நாலு பேர் வந்தால் அதிகம் என்றிருந்தேன்.
டேரன் கையில் பதினாறு பெயர்.

எங்கள் காருக்குப் பக்கத்தில் நின்று
ஒரு பெண் அவனிடம் சொன்னாள்:
"உங்கள் படங்கள் எங்களுக்குத் திறக்கவேயில்லை.
அதனால்தான், சரி,
நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று வந்தோம்."

பிறகு கேட்டாள்,
தொட்டிப் பக்கம் அடுக்கியிருக்கிறதே,
பொடிப்பொடியாய்த் துளை வைத்த தட்டுகள்,
அவை எதற்கு?

டேரனுக்குத் தெரியவில்லை.

நிமலன் ரொட்டியை மடியில் வைத்துவிட்டு
கார்க் கண்ணாடியை இறக்கினான்.