தெற்கு லூப்

காரைக்குடி தாண்டி
நாலு ரோடும் ஏறி இறங்கும் இடத்துக்கு
கோப்பில் பெயர் இன்டர்சேஞ்ச்.
கண்டக்டர் சேவுகனுக்கு இன்னும் அது
புளியடி விலக்கு.
புளி போய் இருபது வருஷம்.

கல் வண்டிகள் திரும்பிய முக்கு,
அப்புறம் வேகத்தடை,
அப்புறம் ரவுண்டானா.
அதன் நடுக்கம்பத்தில்
மரம் ஏற்றிவந்த லாரி மோதிய இரவில்
மூன்று பேர்.
பாலத்துக்குக் கையெழுத்து விழுந்தது
பதினோராம் நாள்.

மூன்று லூப்பும் வட்டம்,
ஆரம் அறுபது மீட்டர்.
தெற்கு லூப் மட்டும் நசுங்கியிருக்கும்,
யாரோ உட்கார்ந்து எழுந்த தகர டப்பா மாதிரி.

"பெரிய இடத்து நிலம். காசு கைமாறியிருக்கு."
டீக்கடைப் பேச்சு இது.
கிளாஸைக் கையில் வைத்தபடி
நானும் கேட்டிருக்கிறேன்.
அந்தக் கோட்டை வளைத்தது நான்.

சர்வே அன்று செம்மண் வெடித்துக் கிடந்தது.
செயின் பிடித்த ஆதினமிளகி
முழங்கால் ஆழம்கூட இல்லாத பள்ளத்தில் இறங்கி நின்று
"இதுல தண்ணி வரும் மேடம்" என்றார்.
"எப்ப?"
"வரும்."

பழைய படத்தில் தேடினேன்.
மடிப்பில் பாதி அழிந்த நீலம்:
ஊருணிக்கு வரத்துக்கால்.
அறுபதை நாற்பத்தைந்தாக்கினேன்,
முப்பதில் போகச் சொல்லி
பலகை வைத்தேன்.

இந்த ஐப்பசியில் கொட்டிய இரவு
ஸ்கூட்டியை ஓரங்கட்டி இறங்கினேன்.
மேலே லாரிக்காரர்கள்
என் வளைவைத் திட்டித் திட்டி கியர் மாற்ற,
கீழே மூன்று குழாய்.
இரண்டில் சிவப்பாய்ப் போகிறது தண்ணீர்.

மூன்றாவதை ஏதோ அடைத்திருக்கிறது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்:
கல்யாண ஃப்ளெக்ஸ்.
மாப்பிள்ளை முகம் மட்டும்
வெளியே தெரிந்தது.