நடுவில் ஒரு வட்டம்

நிமிசத்துக்கு எழுபது ரூபா.
ஊறணிச் சந்தியில், பிரிட்ஜ் திருத்தும் கடைக்கு மேல்,
இரவு பத்துக்குப் பிறகு
ஜப்பான் காட்டூனுக்குத் தமிழ் எழுதுகிறேன்.
இங்கிலீசில் ஒரு படி வரும்.
அதைப் பார்த்து, ஏறாவூர் நவ்சாத்தின் கேபிளுக்கு,
பின்னேரம் நாலரைக்கு,
பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் வாசிக்க.

பதினோராம் பாகம்.
தவளை ஒன்று அமைச்சர்.
கோட்டுப் போட்டுக்கொண்டு
ஒரே பாலத்தை நாலாந்தரம் திறக்கிறது.
ரிப்பனை வெட்டித் திரும்பினால்
கீழே ஆற்றைக் காணோம்.
“ஆறு அடுத்த பட்ஜெட்டில்” என்கிறது தவளை.

தனியே சிரித்துவிட்டேன்.
கீழே படுத்திருந்த கடைப்பொடியன்
“என்னண்ணே?” என்றான்.
“ஒண்டுமில்ல.”
அதுதான் முதல் வெட்டு.

அமைச்சர் என்று அடித்தேன்.
கொஞ்சம் பார்த்திருந்துவிட்டுத்
தலைவர் என்று மாற்றினேன்.
அந்தச் சொல்லில் இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.
பெரியவர்?
பெரியவர் ஒருத்தர் இந்த முறை எங்கள் வட்டாரத்தில் கேட்கிறார்.
அவர் என்று போட்டேன்.
எவர் என்று நாளைக்கு யாரும் கேட்டால்?
தவளையும் சரிவராது.
கட்சி மாறினவரை ஊர் எப்படிக் கூப்பிடுகிறது என்று
உங்களுக்குத் தெரியாததா?
பாலம் என்றால் கல்லடியைத்தான் நினைப்பார்கள்.

இரண்டு மணிக்கு வரி இப்படி வந்து நின்றது:
“ஒரு பிராணி ஒரு வேலையைச் செய்தது.”

ஒருவரும் சொல்லவில்லை. இதை எழுதித்தான் ஆகவேண்டும்.
போன் வரவில்லை.
வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கவில்லை.
எத்தனையோ வருசமாக நிற்கவில்லை.
நிற்காத சைக்கிளின் சத்தத்துக்கு
நானே எழும்பிப்போய்க் கதவு திறக்கிறேன்.

பிறகுதான் அந்தப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது.
தவளையின் மேசையில், ஜப்பான் எழுத்து நாலு.
மூன்றாவதின் இடத்தில் வெறும் வட்டம்.
தேடிப் பார்த்தேன்.
முழுப் பெயர் எழுதப் பயந்தால்,
அல்லது பயந்ததுபோல் நடிப்பதென்றால்,
ஓரெழுத்தை வட்டமாக்கி விடுவார்களாம்.
பார்க்கிற எல்லாருக்கும் ஆளைத் தெரியுமாம்.

என்னிடம் இன்னொரு படியும் இருந்தது, மறு ஒளிபரப்பில் எடுத்தது.
அதில் பலகைக்கு முன்னால் ஒரு பூச்சாடி.
முதல் படியில் பூச்சாடி இல்லை.

டோக்கியோவில் ஒருத்தி
இப்படி ஓர் இரவில் இருந்து
அதைக் கீறியிருப்பாள்.
அவளிடமும் யாரும் கேட்காமல் இருந்திருக்கலாம்.
என்ன வடிவான பூ!
பயத்துக்கு இத்தனை இதழா?

எங்களிடமும் வட்டம் இருக்கிறது,
எழுத்தின் தலையில், குட்டியாய்.
வைத்தால் உயிர் போகும், மெய் மிஞ்சும்.
இரண்டாம் வகுப்பில் கத்திக் கத்திப் பாடமாக்கினோம்.
அன்றைக்கு வெளியே சுற்றிவளைப்பு.
மெதுவாச் சொல்லுங்க என்றா ரீச்சர்.
மெய்யை மெதுவாகச் சொன்னோம்.

பிராணியை அழித்தேன். வேலையை அழித்தேன்.
“அமை○சர் பாலத்தைத் திற○தார்.”
அனுப்பின பிறகுதான் கண்டேன்,
வட்டம் இரண்டும் விழுந்திருந்தது
மெய்யெழுத்து இருந்த இடத்தில்.

அடுத்த நாள் ஐந்து மணிக்கு நவ்சாத்:
“வேணு, எழுத்து ஒடஞ்சி ஒடஞ்சி கிடக்கு. பொன்ட் பிழையா?”
“ஓம், பொன்ட் பிழைதான்.”
“பரவாயில்ல. புள்ளையள் நல்லாச் சிரிச்சிச்சுகள்.
என்ட மகள் டீவிக்கிட்டப் போய்
ஓட்டைய விரலால நிரப்பி நிரப்பி வாசிக்கிறா.
கடைசியில உங்கட பேர் வருமே,
அதுலயும் அந்தப் பிழை.
வே○தாஸ் எண்டு கிடக்கு.”

அது பிழையில்லை என்று சொல்ல
வாயெடுத்தேன்.
போன மாதக் காசு எப்ப வரும் என்று கேட்டேன்.