குலுக்கினால் சத்தம் வரக் கூடாது

துளைபோடும் கருவிகள் இருக்கும் என்றுதான் ஏலம் கேட்டேன்.
வாடகை கட்டாத யாரோ ஒருவரின் கிடங்கு அறை,
நூற்றுப் பத்து டாலர்.
இரும்புக் கதவைத் தூக்கினால்
நாற்பத்து மூன்று பீங்கான் முகங்கள்.
அவை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை,
முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருந்தன.

டுலூத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன்.
என் கையுறையின் ஒற்றை விரலுக்குள்
ஒரு பொம்மையின் இரண்டு கால்களும் நுழைந்துவிடும்.
"இதையா விற்கப்போகிறாய், ஆர்விட்?" என்றான்
பணிமனை கோர்டி.
சிரித்து முடிக்க அவனுக்கு ஒரு வாரம் ஆனது.

முதல் பொம்மை டல்சாவுக்குப் போனது,
செய்தித்தாளில் சுற்றி, ஒரே பெட்டியில், மல்லாக்க.
வாங்கியவர் படம் அனுப்பினார்.
கன்னத்தில் இடம்வலம் மாறி
ஹாக்கி ஆட்டத்தின் முடிவு அச்சேறியிருந்தது.
கண்ணிருந்த இடத்தில் இரண்டு ஓட்டை.
தலையை அசைத்தால் உள்ளே உருள்கின்றன
என்று எழுதியிருந்தார், கோபமே இல்லாமல்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு தெரிந்துகொண்டேன்.
மூடித் திறக்கும் கண்களுக்குப் பின்னால்
ஒரு ஈயக் குண்டு தொங்குகிறது.
மல்லாந்தால் பொம்மை தூங்கும்;
தூங்கும் கண்தான் வழியெல்லாம் ஆடி ஆடி
பிடி விட்டுப்போகும்.
ஆகவே குப்புறப் போட வேண்டும்,
விழித்தபடியே போய்ச் சேரட்டும்.
கைக்கும் இடுப்புக்கும் நடுவே பஞ்சு,
முழங்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே பஞ்சு.
பாதியை உடைப்பது தபால்காரன் அல்ல,
அதன் சொந்த முழங்கை.
பெட்டிக்குள் பெட்டி, இடையில் நாலு விரல் கனம்.
ஒட்டி முடித்ததும் தூக்கிக் குலுக்கி
காதை வைத்துக் கேட்பேன்.
ஒன்றும் கேட்கக் கூடாது.

ஜனவரிப் புயலில் கடைகள் திறக்கவில்லை.
மெல்லிய தாளும் பஞ்சும் தீர்ந்துபோயின.
சஸ்கட்டூனில் இவெட் கோட்ரி என்பவர் காத்திருந்தார்.
அவர் கேட்டது ஒரே கேள்வி:
படத்தில் அம்பு போட்டுக் காட்டியிருக்கிறீர்களே,
இடது சுண்டுவிரல், உண்மையிலேயே இல்லையா?
இல்லை என்றேன்.
அப்படியானால் வேண்டும் என்றார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

கட்டிலிலிருந்த விரிப்பை உருவினேன்.
நீலக் கோடு போட்ட ஃபிளானல்,
ஓரத்தில் காபிக் கறை.
அதில் சுற்றி அனுப்பினேன்.
உள்மூடியில் தடித்த பேனாவால் எழுதினேன்:
வீட்டுக்குள் ஒரு நாள் முழுக்க வைத்துத் திறக்கவும்,
உறைகுளிரில் வந்த பீங்கான்
சட்டென்று சூடு பட்டால் பூச்சில் மயிரிழை விடும்.

பத்தொன்பது நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது.
ஆறு பக்கமும் 'உடையக்கூடியது' ஒட்டி.
திருப்பி அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன்.
குலுக்கினேன். சத்தமில்லை.
வெளிப்பெட்டியைப் பிரித்தேன்.
உள்மூடியில் வேறொரு கையெழுத்து:
வீட்டுக்குள் ஒரு நாள் முழுக்க வைத்துத் திறக்கவும்.

காத்திருந்தேன்.
சமையல் மேசையில் அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
நடுவில் பட்டாணி சூப்.
இரவு வேலைக்குப் போய் வந்தேன்,
பூட்ஸ் பனி தரையில் உருகி
நாற்காலிக் கால் வரை ஓடியது.
இருபத்திரண்டாவது மணியில் பொறுமை போயிற்று.

என் விரிப்பு.
துவைத்து, இஸ்திரி போட்டு, எட்டாக மடித்து,
நாலு பக்கமும் நாலு விரல் பஞ்சு வைத்து.
காபிக் கறை போகவில்லை.
முயன்றிருக்கிறார், அந்த இடம் மட்டும்
கொஞ்சம் வெளுத்திருந்தது.
கடிதம் ஏதுமில்லை.
சுங்கப் படிவத்தில் மட்டும்:
கட்டில் விரிப்பு, பழையது, ஒன்று.
மதிப்பு ஒரு டாலர்.
அனுப்பிய செலவு முப்பத்தொரு டாலர்.

கோர்டியிடம் சொல்லவில்லை.
விரித்தேன். குப்புறப் படுத்தேன்.
ஏதோ ஊர்பேர் தெரியாத சோப்பு வாசம்.
வெகு நேரம் விழித்தே கிடந்தேன்,
நாலு மணிக்குப் பணிமனையிலிருந்து
ஏரிக்கரைச் சாலையில் ஓரடிப் பனி என்று
அழைப்பு வரும்வரை.